கூட்டுறவின் வரலாறு: உறுப்பினர் வாக்கும் பதிவாளர் அதிகாரமும்

சென்ற இயலில், அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூர் கிராமத்துக் கடன் சங்கமும், சென்னைத் திருவல்லிக்கேணிப் பண்டகசாலையும் 1904-ஆம் ஆண்டில் எவ்வாறு உதயமாயின என்பதைக் கண்டோம். அவற்றின் பிறப்பைச் சொல்லும்போது தொட்டும் தொடாமலும் விட்ட விஷயம் ஒன்று உண்டு. இச்சங்கங்களில் உறுப்பினனுடைய வாக்குக்கு மதிப்பு எவ்வளவு, சர்க்காருடைய கைக்கு நீளம் எவ்வளவு என்பதே அது. அந்த வழக்கை வைகைக் கரையில் நின்று பார்ப்பது இவ்வியலின் நோக்கம். வழக்கு என்று நான் சொல்வது வெறும் உபசாரமாக அன்று. அரை நூற்றாண்டுக்கு மேலாக அது நியாயஸ்தலங்களில் நடந்து வரும் வழக்குத்தான்.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் 1844-இல் கூடி ஒரு கடை திறந்தபோது, பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்னும் நியதியைத் தாங்களே விதித்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் குடியானவர்களைக் கூட்டி நடத்திய கடன் சங்கங்களும் அவ்வாறே வளர்ந்தன. அந்தத் தேசங்களில் சங்கம் முதலில் தோன்றிச் சட்டம் பின்னால் வந்தது. நம் நாட்டிலோ, சென்னை மாகாணத்தின் சிவில் அதிகாரியாக இருந்த பிரடெரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் சமர்ப்பித்த அறிக்கைகளில், ரைபைசனைப் போன்ற மனிதர்களைக் கிராமங்களிலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தும், அம்மனிதர்களைத் தேடுவதற்குப் பொறுமை இல்லாமலோ, தேடினால் கிடைப்பார்கள் என்ற நம்பிக்கை இல்லாமலோ, சர்க்கார் 1904-இல் சட்டத்தை முதலில் இயற்றிற்று. சட்டத்தோடு பதிவாளர் என்னும் உத்தியோகஸ்தர் வந்தார். அவர் ஊர் ஊராகச் சென்று சங்கங்களை உண்டாக்கினார். உண்டாக்கியவரே ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்யவும், தேவையானால் பதிவை ரத்துச் செய்யவும் அதிகாரம் பெற்றார். தாயும் ஆசிரியரும் நீதிபதியும் ஒருவராகவே அமைந்த இந்த ஏற்பாட்டின் பலாபலன்களைத்தான் நாம் இன்றளவும் அனுபவித்து வருகிறோம்.

1904-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1912-ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமையைப் பற்றி என்ன சொல்லிற்று என்பதை ஊன்றிக் கவனிப்பது நல்லது. உறுப்பினர்களின் பொறுப்பு அவரவர் பங்குத்தொகையோடு நின்றுவிடாத சங்கங்களில், மூலதனத்தில் ஒருவனுக்கு எவ்வளவு பாத்தியதை இருந்தாலும் அவனுக்கு ஒரு வாக்கே உண்டு என்று அதன் 13-ஆவது பிரிவு விதித்தது. பொறுப்பு பங்கோடு நிற்கும் சங்கங்களிலோ, எத்தனை வாக்கு என்பதைத் துணைவிதிகளே தீர்மானிக்கலாம் என்று விட்டுவிட்டது. சோழவந்தான் பக்கத்தில் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நஞ்சையில் ஐம்பது ஏக்கர் உடையவனும், அவனிடம் வாரத்துக்கு உழுபவனும் ஒரே கடன் சங்கத்தில் சேர்ந்தால், சங்கம் முறியும் நாளில் இருவருடைய உடைமை முழுவதும் கடன்காரருக்குப் பதில் சொல்லவேண்டும். இழப்பு இருவருக்கும் முழு இழப்பு. ஆகவே இருவருக்கும் வாக்கும் சமமே. இதைவிடத் தெளிவான ஜனநாயக நியாயத்தை அந்நாளைய சட்டப் புத்தகங்களில் காண்பது அரிது. சட்டசபைக்கு வாக்களிக்கச் சொத்தும் வரியும் படிப்பும் வேண்டியிருந்த காலத்தில், கிராமத்து ஏழை ஒருவனுக்குச் செல்வனோடு சமமான வாக்கை எழுத்தில் முதன்முதலாகத் தந்தது கூட்டுறவுச் சட்டந்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால் வாக்கு உறுப்பினனுக்கு உரியது; உறுப்பினன் யார் என்பதை நிர்ணயிப்பது உறுப்பினர் பதிவேடு. சேர விரும்புகிறவனைச் சேர்ப்பதும் தள்ளுவதும், அக்காலத்தில் பஞ்சாயத்தார் என்று அழைக்கப்பட்ட நிர்வாகிகளின் கையில் இருந்தது. அந்தப் பஞ்சாயத்தாரோ பெரும்பாலும் ஊரின் மிராசுதார்களும், மணியக்காரர், கணக்குப்பிள்ளை குடும்பத்தாருமே. ஆகையால் பதிவேட்டை வைத்திருப்பவனே சங்கத்தை வைத்திருப்பவன் என்பது ஆரம்ப முதலே உண்மையாக இருந்தது. பின்னால் வந்த தேர்தல் வழக்குகளில் பெரும்பாலானவற்றைத் தோண்டிப் பார்த்தால், அடியில் இருப்பது இப்பதிவேடுதான்.

மதுரைச் சமவெளிக்கே உரிய ஓர் அத்தியாயத்தை இவ்விடத்தில் சற்று நின்று சொல்லவேண்டும். திருமங்கலம், உசிலம்பட்டிப் பகுதிகளில் வாழ்ந்த பிரமலைக் கள்ளர் சமூகத்தின்மீது, 1914 முதற்கொண்டு குற்றப் பரம்பரைச் சட்டம் படிப்படியாக விரிக்கப்பட்டதும், அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியானதும் இப்பக்கத்தார் மறவாத சரித்திரம். அதே காலத்தில்தான் கள்ளர் சீரமைப்பு என்ற பெயரால் சர்க்கார் ஒரு திட்டம் தொடங்கிற்று. பள்ளிக்கூடங்கள், ஊர்ப் பஞ்சாயத்துகள் இவற்றோடு கூட்டுறவுச் சங்கங்களும் அத்திட்டத்தின் அங்கங்களாக நிறுவப்பட்டன. வட்டிக்கடையின் பிடியிலிருந்து குடியானவனை விடுவித்து, அவனுக்கு மாடும் விதையும் கிணறும் கிடைக்கச் செய்வது அச்சங்கங்களின் பிரகடனமான நோக்கம். அதனால் நன்மை அடைந்த குடும்பங்கள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், ரேகைச் சட்டம் என்று மக்கள் வழங்கிய அந்தச் சட்டத்தின்படி கைரேகை பதிக்கப்பட்டு, இரவில் போலீஸ் நிலையத்துக்குப் போய்த் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியவனாக ஒரு பதிவேட்டில் இருந்த அதே மனிதன், பகலில் சங்கத்தின் பதிவேட்டில் வாக்குரிமை உள்ள உறுப்பினனாக இருந்தான் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, அவ்வாக்கு அவனுக்கு எத்தனை தூரம் சொந்தமாக இருந்திருக்கும் என்று நெஞ்சு கேட்கத்தான் செய்கிறது. இரண்டு பதிவேடுகளுக்கும் மேலே இருந்தது ஒரே சர்க்கார். கூட்டுறவு என்பது மனிதன் தன் விருப்பத்தால் பிறனோடு கைகோத்தல். கைகளில் ஒன்று விலங்கிடப்பட்டிருக்கும்போது அந்தக் கோப்பு என்ன கோப்பு? மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீங்கிற்று. அதன் நிழலில் சங்கம் நடத்திப் பழகிய உத்தியோக மனோபாவம் அதனோடு நீங்கிற்று என்று சொல்ல என்னால் இயலவில்லை.

1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் விளைவாகக் கூட்டுறவு மாகாணத்தின் பொறுப்பாயிற்று. அதையொட்டிச் சென்னை மாகாணம் தனக்கென 1932-இல் 6-ஆம் எண் சட்டத்தை இயற்றிக்கொண்டது. அதற்கு முன், ஒரு சங்கம் கெட்டுப்போனால் பதிவாளர் அதன் பதிவை ரத்துச் செய்யலாம். அதாவது சங்கத்தையே மாய்க்கலாம். நிர்வாகிகளை மட்டும் விலக்கிச் சங்கத்தைக் காப்பாற்ற அகில இந்தியச் சட்டம் வழி செய்யவில்லை. புதிய சட்டமோ, நிர்வாகக் குழுவை நீக்கிவிட்டு அதன் ஸ்தானத்தில் வேறொருவரை அமர்த்தும் அதிகாரத்தைப் பதிவாளருக்கு அளித்தது. மாய்ப்பதைவிட மருந்து கொடுப்பது மேல் அல்லவா என்று அன்றையோர் கருதியிருக்க வேண்டும். அக்கருத்தில் நியாயமும் இருந்தது. சங்கப் பணத்தைத் தமக்கும் தம் சுற்றத்தாருக்கும் கடனாக எடுத்துக்கொண்டு திருப்பாமல் இருந்த பஞ்சாயத்தார் அநேகர். அவர்களை அசைக்க, அவர்களிடமே வாரத்துக்கு உழுத உறுப்பினனால் பேரவைக் கூட்டத்தில் கை தூக்க முடிந்திருக்குமா? சர்க்காருடைய கை நீளமாக இருந்தமையால் பிழைத்த ஏழைகளும் உண்டு என்பதை, சர்க்கார்க் கட்டுப்பாட்டைக் கண்டிக்கும் எவரும் மறந்துவிடலாகாது. மேலும், குழுவை நீக்குவதற்கு முன் அதன் ஆட்சேபங்களைச் சொல்லச் சந்தர்ப்பம் தரவேண்டும் என்று சட்டமே பதிவாளரைக் கட்டுப்படுத்தியிருந்தது. குற்றம் இன்னதென்று சொல்லவேண்டும், பதிலைக் கேட்கவேண்டும், அதன் பிறகே உத்தரவு என்ற இந்த வரிசை பிற்காலத்தில் எப்படிக் கழன்றது என்பதே நம் கதையின் முக்கியமான திருப்பம்.

தேர்தலிலோ நிர்வாகத்திலோ எழும் தகராறு எங்கே போகும்? 1932-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு அதைப் பதிவாளரிடமே அனுப்பிற்று. முன்சீப் கோர்ட்டில் வருஷக்கணக்காக இழுபடாமல், செலவில்லாமல், சீக்கிரத்தில் தீர்ப்புக் கிடைக்கவேண்டும் என்பது இதன் நல்ல நோக்கம். ஆயினும் தேர்தலை மேற்பார்வை செய்வது, தணிக்கை செய்வது, குழுவை நீக்குவது ஆகிய காரியங்களைச் செய்யும் இலாகாவே, அக்காரியங்களைப் பற்றிய வழக்கையும் கேட்கும் என்றால், மனுதாரனுக்கு நம்பிக்கை பிறப்பது எங்ஙனம்? 1950-இல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்து, 226-ஆவது விதியின்கீழ் ஹைகோர்ட்டில் ரிட் மனுப் போடும் பாதை திறந்தபோது, கூட்டுறவு உறுப்பினனுக்கு முதன்முறையாக இலாகாவுக்கு வெளியே ஒரு வாசல் கிடைத்தது. மதுரை ஜில்லாக்காரனுக்கு அந்த வாசல் 2004 ஜூலை 24-ஆம் தேதி உலகனேரியில் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை திறக்கப்படும் வரையில் சென்னையிலேயே இருந்தது. வாக்காளர் பட்டியலில் பேர் விட்டுப்போன மேலூர்க் குடியானவன் ஒருவன், பங்குத்தொகையைப்போலப் பல மடங்கு செலவு செய்து ராத்திரி ரயிலில் எழும்பூர் போய் இறங்கினால்தான் வக்கீலைப் பார்க்கமுடியும் என்ற நிலையில், அந்த உரிமை எத்தனை பேருக்குக் கைக்கெட்டியிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

சுதந்திரத்துக்குப் பின் சர்க்காரின் பங்கு குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். 1954-இல் வெளியான கோர்வாலா குழுவின் அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு, குடியானவன் வாங்கும் கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதமே என்று கண்டு, சர்க்கார் பங்காளியாகச் சேர்ந்து மூலதனம் போட்டாலன்றி இவ்வியக்கம் தலையெடுக்காது என்று முடிவு கூறிற்று. சர்க்கார்ப் பணம் வந்தது. பணத்தின் பின்னே நியமன உறுப்பினர்கள் வந்தார்கள். ஜவாஹர்லால் நேரு இந்த உத்தியோகப் பங்காளித்தனத்தைப் பற்றிப் பின்னால் மனம் வருந்தினார் என்பது பிரசித்தம். 1961-இல் இயற்றப்பட்ட 53-ஆம் எண் சட்டம் சென்னை ராஜ்யத்தில் இப்புதிய ஏற்பாட்டுக்கு வடிவம் தந்தது.

1976 ஜனவரி 31-ஆம் தேதி, நெருக்கடி நிலையின் நடுவே, தி.மு.க. மந்திரிசபை பதவிநீக்கம் செய்யப்பட்டுத் தமிழ்நாட்டில் ஜனாதிபதி ஆட்சி வந்தது. அவ்வாண்டிலேயே கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தனி அலுவலர்களை நியமிக்கும் சட்டம் ஒன்று பிறந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறின. இதன் தன்மையை நன்கு சிந்திக்கவேண்டும். அதுவரை ஒரு குழுவை நீக்கவேண்டுமானால் அக்குழுவின் குற்றத்தைச் சொல்லவேண்டியிருந்தது. இப்போது குற்றம் சொல்லவேண்டியதில்லை, நோட்டீஸ் கொடுக்கவேண்டியதில்லை, பதில் கேட்கவேண்டியதில்லை. கையாடல் செய்த குழுவும், காசுக்குக் கணக்கு வைத்திருந்த குழுவும் ஒரே பேனாக் கோட்டில் போயின. தனித்தனிச் சங்கத்துக்குச் சிகிச்சையாக வந்த அதிகாரம், இயக்கம் முழுவதற்கும் பொதுவிதியாயிற்று. அந்த வருஷத்தில் தமிழ் மக்கள் பலவற்றை இழந்தார்கள். பத்திரிகைச் சுதந்திரமும் ஆள் சுதந்திரமும் போன பரபரப்பில், ஊர்ச் சொசைட்டியின் வாக்கு போனதைப் பற்றிப் பேசியவர் சிலரே. ஆனால் மற்றவை நெருக்கடி நிலை முடிந்ததும் திரும்பி வந்தன. இது வரவில்லை. அடுத்து வந்த ஆட்சிகளுக்கு, 'எஸ்.ஓ.' என்று கிராமத்தார் சுருக்கி அழைத்த தனி அலுவலரின் மூலம் கடனும் உரமும் ரேஷனும் நகை அடமானமும் நிர்வகிப்பதன் சௌகரியம் பழகிப்போயிற்று.

சட்டமும் அப்பழக்கத்துக்கு இசைந்தது. 1983-இல் நிறைவேறிய 30-ஆம் எண் சட்டம் ஐந்து வருஷம் ஏட்டில் கிடந்து, எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் மறுபடியும் ஜனாதிபதி ஆட்சி நடந்த வேளையில், 1988 ஏப்ரல் 13-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதன் 88-ஆவது பிரிவில் குற்றம் சொல்லிக் குழுவைக் கலைக்கும் பழைய நடைமுறை உண்டு. 90-ஆவது பிரிவில் நிர்வாகக் குழுவின் அமைப்பைப் பற்றிய தகராறும் பதிவாளரிடம் போகும் பழைய வழியும் உண்டு. சிவில் நியாயஸ்தலத்தின் கதவு முன்போலவே சாத்தப்பட்டிருந்தது. இவற்றுக்குப் பக்கத்தில் தனி அலுவலர் ஆட்சியும் நிலைபெற்றது. 1996-இல் தேர்தல் நடந்தது; 2001-இல் ஆட்சி மாறியதும் தனி அலுவலர்கள் திரும்பினார்கள்; சட்டசபை அவர்களுடைய காலத்தை மேலும் மேலும் நீட்டிக்கொண்டே போயிற்று. 2007-இல் தொடங்கிய தேர்தல் வன்முறைப் புகார்களின் நடுவே ரத்தாயிற்று. மறுபடியும் தேர்தல் வர 2013 ஆயிற்று. ஆளுங்கட்சி எதுவாயினும் முறை ஒன்றாகவே இருந்தது என்பதை இவ்வருஷங்களே காட்டும்.

இதன் விளைவைக் காண அதிக தூரம் போகவேண்டாம். கிராமத்துச் சங்கம் மதுரையில் உள்ள மாவட்ட மத்திய வங்கியின் அங்கம். மத்திய வங்கி சென்னையிலுள்ள மாநில வங்கியின் அங்கம். கீழ்ப்படியில் உறுப்பினன் வாக்கு இல்லையென்றால் மேற்படிகள் எதிலும் அவன் குரல் ஏறாது. அலங்காநல்லூரில் உள்ள தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலை கரும்பு விவசாயிகளின் பங்குப் பணத்தைக் கொண்ட ஸ்தாபனம். அது அரவை இன்றி நின்ற வருஷங்களில், ஆலையைத் திறக்கும்படி அதன் பங்குதாரரான விவசாயிகள் சர்க்காரை நோக்கித் தெருவில் நின்று கோஷமிட நேர்ந்தது. தம் ஆலையைத் திறக்கத் தாமே தீர்மானம் போடுவதற்குப் பதிலாக மனுக் கொடுக்கும் நிலையில் உடைமையாளர்கள் இருந்தார்கள் என்பது எனக்கு மிகுந்த துயரத்தை அளிக்கிறது.

நியாயஸ்தலங்கள் என்ன செய்தன என்று கேட்கலாம். சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 19-ஆவது விதியில் இருக்கிறதே, சர்க்கார் சங்கங்களைக் கட்டாயமாக இணைப்பது அதற்கு விரோதமல்லவா என்ற வாதத்துக்குச் சுப்ரீம் கோர்ட் 1985-இல் பஞ்சாபைச் சேர்ந்த தமன் சிங் வழக்கில் விடை கூறிற்று. கூட்டுறவுச் சங்கம் சட்டத்தால் பிறந்து சட்டத்தால் ஆளப்படுவது. அதில் சேர்ந்த உறுப்பினன் சங்கத்தின் முன் தன் தனித்தன்மையை இழக்கிறான். சட்டம் தரும் உரிமைக்கு அப்பால் அவனுக்கு உரிமை இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். 1997-இல் உத்தரப் பிரதேசத்து சியோகி ஊழியர் சங்க வழக்கிலும் இதே தத்துவம் உறுதிப்பட்டது. முதலில் சட்டத்தை இயற்றிப் பின்பு சங்கத்தைப் படைத்த 1904-ஆம் வருஷத்து முறைக்கு, எண்பது வருஷத்துக்குப் பின் கிடைத்த தர்க்கரீதியான முடிவு இதுதான்.

சென்னை ஹைகோர்ட்டின் பெரிய அமர்வு 2006-இல் மாரப்பன் வழக்கில், கூட்டுறவுச் சங்கம் பொதுவாக அரசின் அங்கம் ஆகாது, அதன்மீது ரிட் சாதாரணமாகச் செல்லாது, சட்டம் சுமத்திய பொதுக்கடமையை மீறினால் மட்டுமே செல்லும் என்று வகுத்தது. தனி அலுவலர் நிர்வகிக்கும் சங்கத்துக்கும் இதே அளவுகோல்தான் என்றது. நிர்வாகத்தில் சர்க்கார் ஊழியர் இருக்கிறார், ஆனால் சங்கம் சர்க்கார் அல்ல. சங்கம் உறுப்பினர்களுடையது, ஆனால் நிர்வாகத்தில் உறுப்பினர் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே நின்றவன் வாக்காளன்.

அண்டை ராஜ்யமான ஆந்திரம் வேறு வழி கண்டது. சர்க்கார்ப் பணம் வாங்காத சங்கங்கள் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளலாம் என்று 1995-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அச்சட்டத்தின்கீழ் வந்த பால் சங்கங்களை 2006-இல் பழைய கட்டுப்பாட்டுக்குள் இழுக்க முயன்றபோது, அம்முயற்சி செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் 2011-இல் நரசிம்ம ரெட்டி வழக்கில் தீர்த்தது. கர்நாடகமும் 1997-இல் சௌஹார்த என்ற பெயரில் இத்தகைய தன்னாட்சிச் சங்கங்களுக்குத் தனிச் சட்டம் செய்தது. தமிழ்நாடு அவ்விதச் சட்டம் எதையும் இயற்றவில்லை.

2012 பிப்ரவரியில் அமலுக்கு வந்த 97-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பெரிய நம்பிக்கையை எழுப்பிற்று. குழுவுக்கு ஐந்தாண்டு ஆயுள். காலம் முடியுமுன் தேர்தல். கலைத்தால் ஆறு மாதத்துக்கு மேல் கலைத்து வைக்கக்கூடாது. சர்க்காரின் பங்கோ கடனோ உத்தரவாதமோ இல்லாத சங்கத்தைக் கலைக்கவே கூடாது. இத்திருத்தத்தின் பின்னரே தமிழ்நாட்டில் கூட்டுறவுத் தேர்தலுக்கென்று தனி ஆணையம் ஏற்பட்டு 2013-ஆம் வருஷத் தேர்தலை நடத்திற்று. 2018-இல் அடுத்த தேர்தல் கட்டம் கட்டமாக நடந்தபோது, வேட்புமனுக்களை வாங்க மறுத்தார்கள், வாங்கியதைக் காரணமின்றித் தள்ளினார்கள், போட்டியில்லை என்று அறிவித்தார்கள் என்ற புகார்கள் மதுரைக் கிளையின் முன் மனுக்களாகக் குவிந்தன. ஏப்ரலில் அக்கிளை தேர்தலுக்கே இடைக்காலத் தடை விதித்தது. தடை பின்னர் விலகி, அவ்வருஷத்துக்குள் குழுக்கள் பதவி ஏற்றன. ஆயினும் ஒரு கிராமச் சங்கத்தின் வேட்புமனு, ராஜ்யம் முழுவதும் நடந்த தேர்தலை மதுரையில் நிறுத்தி வைத்தது என்பது, எழும்பூருக்கு ரயிலேறிய காலத்தோடு ஒப்பிட்டால் சிறிய காரியம் அன்று.

அந்த நம்பிக்கையின் அஸ்திவாரமோ வேறிடத்தில் ஆட்டம் கண்டிருந்தது. கூட்டுறவு ராஜ்யங்களின் பட்டியலில் 32-ஆவது இனம், அதைத் தொடும் திருத்தத்துக்குப் பாதி ராஜ்யங்களின் சட்டசபைகளாவது இசைவு தந்திருக்க வேண்டும், தரவில்லை. இக்காரணத்தால் குஜராத் ஹைகோர்ட் 2013-இல் அத்திருத்தத்தின் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிய பகுதியைச் செல்லாது என்றது. 2021 ஜூலை 20-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், நீதிபதிகள் நாரிமனும் கவாயும் ஒருபுறமும் கே.எம். ஜோசப் மறுபுறமுமாக, பல ராஜ்யங்களில் இயங்கும் சங்கங்களுக்கு மட்டும் அது செல்லும் என்று முடிவு செய்தது. ராஜ்யங்களின் அதிகாரத்தைக் காத்த வகையில் அத்தீர்ப்பு சரியானதே என்று நான் கருதுகிறேன். ஆனால் வாடிப்பட்டியிலோ உசிலம்பட்டியிலோ உள்ள சங்கத்து உறுப்பினனுக்கு, ஆறு மாத வரம்பும் ஐந்தாண்டு ஆயுளும் அரசியல் சட்டத்தின் காப்பாக இல்லாமற்போயின. அவனுக்கு மிஞ்சியது 1983-ஆம் வருஷத்துச் சட்டமும், சட்டசபை அதற்குச் செய்யும் திருத்தங்களுமே. அத்தீர்ப்பு வந்த ஆறு மாதத்துக்குள், 2022 ஜனவரியில், நிர்வாகக் குழுவின் ஆயுளை ஐந்து வருஷத்திலிருந்து மூன்றாகக் குறைக்கும் மசோதா சென்னையில் சட்டசபையில் நிறைவேறிற்று. 2018-இல் வாக்களித்த உறுப்பினர் எவருடைய சம்மதத்தையும் அதற்குச் சட்டம் வேண்டவில்லை.